மச்சான் பிய்த்துப் போட்ட பஞ்சு

இருபத்துமூன்று வருஷமாக அவருடைய உத்தியோகம், செத்த குளவிகளை முக்கோணக் காகிதத்தின் நுனியில் ஒட்டி ஊசியில் ஏற்றுவது. அருங்காட்சியகத்தின் பூச்சிப் பிரிவில் ஜன்னலோர மேஜை. தெருவில் அவருக்குக் குளவியார் என்று பெயர். பயந்து ஒதுங்குபவர்களிடம், "இது கொட்டாதுங்க, எள்ளு சைஸுதான். உயிரோட இருக்கிற புழுவுக்குள்ள முட்டை போடும். குஞ்சு உள்ளுக்குள்ளயே தின்னு வளந்து, புழுவைக் கொன்னுட்டு வெளிய வரும், அவ்வளவுதான்" என்று ஆறுதல் சொல்வார். கேட்டவர்கள் இன்னும் இரண்டடி ஒதுங்குவார்கள்.

வீட்டில் மனைவியின் அண்ணன் இருந்தார். ஒரு வாரத்துக்கென்று வந்து பதினோரு வருஷம் ஆகிறது. இருந்தாலும் மச்சானைத் தன் குளவிகளோடு சேர்க்கக் குளவியாரின் அறிவியல் மனசு ஒப்பவில்லை; இடம் கொடுத்தவர் இன்னும் உயிரோடுதானே இருக்கிறார்! தவிர, பின்னறையில் பாட்டில்களில் வளரும் புழுக்களுக்குத் தினமும் இலை மாற்றுவது மச்சான்தான்.

அந்தப் பாட்டில் ஒன்றிலிருந்துதான் பதினான்கு குளவிகள் வந்தன. உணர்கொம்பின் கணுக்களை எண்ணினார், இறக்கையின் நரம்புகளைப் பார்த்தார். எந்தப் புத்தகத்திலும் இல்லாத இனம். வாழ்நாளில் முதன்முறையாக ஒரு புது இனம் அவர் கையால் பெயர் பெறப்போகிறது. 'புழுவைத் தின்று வளர்வது' என்று ஆராய்ச்சிப் பத்திரிகை ஒன்றுக்குக் கட்டுரை எழுதி அனுப்பினார். பத்திரிகையின் பரிசீலகர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: புழுவிலிருந்துதான் வந்தது என்பதை யார் பார்த்தது?

ஞாயிற்றுக்கிழமை காலையில் விசாரணை தொடங்கியது.

"மச்சான், அந்தப் புழு மேல வேற ஏதாவது பாத்தீங்களா?"

"ஒண்ணுமில்ல மாப்ள. சுத்தமா வெச்சிருந்தேன்."

"சுத்தமான்னா?"

"முதுகு பூரா வெள்ளையா பஞ்சு ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. பாக்கவே சகிக்கல. பிச்சு இலைக்கடியில தள்ளிட்டேன்."

குளவியார் பாட்டிலுக்கு ஓடினார். நல்லவேளை, மச்சானின் சுத்தம் கண்ணுக்குத் தெரியும் இடத்தோடு நின்றிருந்தது. காய்ந்த இலைக்கடியில் அத்தனையும் கிடந்தன. பஞ்சு அல்ல, கூடுகள். புழுவைத் தின்று முடித்த வேறொரு குளவி, எல்லாருக்கும் தெரிந்த பழைய இனம், கட்டிக்கொள்ளும் கூடு. கூட்டுக்குச் சொந்தக்காரன் வெளியேறும்போது நுனியில் மூடிபோல அழகாக வெட்டிக்கொண்டு போவான். இவற்றிலோ பக்கவாட்டில் பிய்ந்த ஓட்டை. போனவன் சொந்தக்காரன் இல்லை, சொந்தக்காரனைத் தின்றவன்.

"அப்போ புழுவைத் தின்னவனை இவன் தின்னுட்டானா?" என்றாள் தையல் மிஷினை நிறுத்திய மனைவி. "அண்ணே, கேட்டுக்கோ."

"எனக்கென்ன பயம்? எனக்குள்ள யாரும் குடியில்ல" என்றார் மச்சான்.

ஓட்டையைப் பார்த்தது உலகத்தில் ஒரே ஒரு ஆள். பாட்டிலைக் கழுவிவிட்டு, 'நானே பார்த்தேன்' என்று பரிசீலகருக்கு எழுதினால் கட்டுரை அப்படியே அச்சாகும். உண்மையைச் சொன்னால், ஆளே நம்பிக்கைக்கு உகந்தவரல்ல என்று பத்திரிகைக்காரர்கள் மொத்தத்தையும் தள்ளிவிடக்கூடும். அரை நாள் உட்கார்ந்திருந்தார். பிறகு, 'நான் எழுதியது தவறு' என்று தொடங்கி மூன்று பக்கம் எழுதி, கூடுகளின் படத்தோடு அனுப்பினார்.

பத்தொன்பதாம் நாள் பதில் வந்தது. இனம் புதியதுதான், பெயர் நிற்கும். திருத்திய பகுதி முதலில் எழுதியதைவிடப் பெறுமானமுள்ளது.

அன்று சாயங்காலமே அந்தப் பதினான்கு குளவிகளும் இருந்த பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். ஒவ்வொரு ஊசியிலும் 'புழுவிலிருந்து' என்ற சீட்டு குத்தியிருந்தது. அதற்குக் கீழே, 'புழுவைத் தின்ற குளவியிலிருந்து' என்ற புதுச் சீட்டை ஏற்றத் தொடங்கினார்.

"தப்பைக் கிழிச்சுப் போட்டுட்டுப் புதுசா குத்துங்களேன்" என்றாள் மனைவி.

"எங்க தொழில்ல பழைய சீட்டைக் கழட்டக் கூடாதும்மா. தப்பும் திருத்தமும் ஒரே ஊசியில இருக்கணும். நூறு வருஷம் கழிச்சு வர்றவன் பாக்கணும்."

"என்னத்தை? நீங்க ஏமாந்ததையா?"

"ஆமா" என்றார் குளவியார், முகமெல்லாம் பல்லாக. "பதினாலு தடவை. என் கையெழுத்துலயே."

உதவிக்குக் கை நீட்டிய மச்சானை இருவரும் ஒரே குரலில் தடுத்தார்கள்.