தைலக்கடை நூர் முகமதுவின் பெருவிரல்

ஊட்டி மார்க்கெட்டில் நூர் முகமதுவிடம் தைலம் வாங்கப் போனால் கூடவே வைத்தியமும் கிடைக்கும். சளிக்கு இத்தனை சொட்டு, மூட்டு வலிக்கு இப்படித் தேய்க்கணும், பிள்ளைக்கு வயிறு உப்பினால் விளக்கெண்ணெயைச் சுடவைத்து அப்படித் தடவணும். கேட்காதவர்களுக்கும் சொல்லுவார். டூர் வந்த ஒருவர், தானே டாக்டர்தான் என்று சொன்ன பிறகும் விடாமல் அவருக்கு ஆவி பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர் இவர். மனுஷர் கெட்டவரில்லை. தெரியாது என்று சொல்ல மட்டும் வாய் வராது.

கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்துப் பிறந்த ஒரே மகள் ஷாயிஸ்தா. மூன்றரை வயது. ஐப்பசி மழையில் ஒருநாள் குளிப்பாட்டும்போது அவளுடைய வயிறு இடது பக்கம் மட்டும் புடைத்திருப்பதை மனைவி ஷமா பார்த்தாள். தொட்டால் கெட்டியாக இருந்தது. வலி இல்லை, காய்ச்சல் இல்லை, பிள்ளை பாட்டுக்கு ஓடி ஆடிக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க, டாக்டர்கிட்டக் காட்டலாங்க."

"மலக்கட்டு இது. எண்ணெ போட்டு நீவுனா கரைஞ்சிரும். ஊரே எங்கிட்ட வந்து கேக்குது, நான் போயி டாக்டரக் கேக்கறதா?"

"நீங்க கைய வெக்காதீங்க. உங்க கை முரடு."

அந்தச் சொல் அவருக்குச் சுருக்கென்று தைத்தது. காட்டிக்கொள்ளவில்லை. தினமும் சாயங்காலம், ஷமா தொழுகையில் இருக்கிற நேரம் பார்த்து, மகளைப் படுக்கவைத்து, பிஸ்மி சொல்லி எண்ணெய் தேய்த்தார். அம்மாவிடம் சொல்லாமல் இருக்க ஒரு சாக்லேட். கட்டி கரையவில்லை. கரையாததால் பெருவிரலை ஊன்றி அழுத்தினார். இப்படிப் பன்னிரண்டு நாள். பதிமூன்றாம் நாள் ஷாயிஸ்தாவின் சிறுநீர் சிவப்பாகப் போனது.

அன்றைக்கே ஊட்டி ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். அங்கே ஸ்கேன் டாக்டர் ஸ்ரீமதி முதலில் பிள்ளையோடு விளையாட்டாகப் பேசிக்கொண்டேதான் கருவியை வயிற்றில் நகர்த்தினார். பிறகு ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப அளந்தார்.

"கட்டி கிட்னியில இருந்து கெளம்பியிருக்குங்க. சின்னப் புள்ளைகளுக்கு வர்ற கிட்னி புத்துநோய் மாதிரித் தெரியுது. சீக்கிரம் பாத்தா பெரும்பாலும் கொணமாகும். நாளைக்கே கோயமுத்தூர் போயி சி.டி. ஸ்கேன் எடுத்துருங்க. ஒண்ணு முக்கியம், வயித்த யாரும் அழுத்தக்கூடாது. மெல்லிசான ஒறைக்குள்ள இருக்குது. அது ஒடைஞ்சா உள்ள பரவிரும். இதுவரைக்கும் யாராச்சும் அழுத்தித் தேச்சீங்களா?"

"இல்லீங்க," என்றார் நூர் முகமது.

ஷமாவும் இல்லை என்று தலையாட்டினாள். பாவம், அவளுக்கென்ன தெரியும் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

மறுநாள் சனிக்கிழமை. கோயமுத்தூர் போகிற மலைப்பாதையில், பர்லியாறுக்கு மேலே, கார் நெரிசலில் மாட்டிக்கொண்டது. முன்னால் டூரிஸ்டு பஸ், பின்னால் லாரி, ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம். இறங்கவும் முடியாது, திரும்பவும் முடியாது. ஷாயிஸ்தா அம்மா மடியில் தூங்கினாள். வண்டி கொஞ்சம் நகர்ந்து டிரைவர் பிரேக்கை மிதித்தபோதெல்லாம் நூர் முகமதுவுக்கு உயிர் போய் உயிர் வந்தது. உண்மையைச் சொன்னால் ஷமா ஜன்மத்துக்கும் மன்னிக்க மாட்டாள். சொல்லாமல் விட்டு, படம் பார்க்கிற டாக்டர் எதையாவது தவறவிட்டால்? ஒன்றரை மணி நேரம் அந்த மனுஷர் ஜன்னலுக்கு வெளியே ஈரப் பாறையையே பார்த்துக்கொண்டிருந்தார். 

கோயமுத்தூரில் டாக்டர் தரணிதரனும் அதே கேள்வியைக் கேட்டார். நூர் முகமதுவும் அதே பொய்யைச் சொன்னார். பிள்ளை அசையாமல் இருக்க மயக்க மருந்து கொடுத்து, ஸ்கேன் அறைக்குள் கொண்டுபோனார்கள். அவ்வளவு பெரிய மெஷினுக்கு முன்னால் அந்தக் கட்டிலில் அவள் கால்வாசி இடத்தைக்கூட அடைக்கவில்லை. அதைப் பார்த்ததும் மனுஷர் உடைந்துபோனார். டாக்டரின் பின்னால் ஓடினார்.

"தேச்சனுங்க. பன்னெண்டு நாளு. கரையட்டும்னு இந்தப் பெருவெரலால அழுத்துனனுங்க."

ஷமா பக்கத்தில்தான் நின்றிருந்தாள். டாக்டர் திட்டவில்லை, சீட்டில் குறித்துக்கொண்டு உள்ளே போனார். நாலு அறை விட்டிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது நூர் முகமதுவுக்கு.

படம் வந்ததும் டாக்டர் இருவரையும் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"நொரையீரல் சுத்தமா இருக்குங்க, அது நல்ல சேதி. ஆனா ஒறைக்கு வெளிய ஒரு பக்கம் ரத்தம் கசிஞ்ச மாதிரி இருக்குது. அதனால மருந்து கூடுதலா ஏத்தணும், ஆபரேசனுக்கப்புறம் கரண்டு, அதாவது கதிர்வீச்சு, வெக்க வேண்டி வரலாம். நம்பிக்கையா இருங்க, பொழைக்க வெக்கலாம்."

"என் கையாலதானுங்களா கசிஞ்சுது?"

"தானாவும் கசியுமுங்க. யாரு கையின்னு படத்துல தெரியாது."

வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தார்கள். தன் சட்டையைப் பிடித்து அவள் உலுக்கப்போகிறாள் என்று அவர் காத்திருந்தார். உலுக்கினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தார். ஷமா தரையைப் பார்த்தபடி பேசினாள்.

"காலையில நீங்க கடைக்குப் போனதும் நானுந்தான் தேச்சனுங்க. என் கை மெதுவாச்சேன்னு நெனச்சேன். மொதல்ல மெதுவாத்தான். கரையவே இல்லியேன்னு அப்புறம்..."

அவர் அவளுடைய கையைப் பிடிக்கப் போனார். அவள் இரண்டு கைகளையும் துப்பட்டாவுக்குள் மறைத்துக்கொண்டாள்.