அப்பனைக் கொண்ட மூக்கு

நியூ ஜெர்சியில் நாங்கள் குடியிருக்கும் பகுதியில், மூக்கில் பிளாஸ்திரியும் கண்ணுக்கடியில் ரத்தம் கட்டிய நீலமுமாக இளம்பெண்கள் கடைக்கு வருவார்கள். கோடை விடுமுறையில் இது அதிகம். என்ன ஆச்சு என்று யாரும் கேட்பதில்லை. எங்கள் ஜேடர்பாளையம் பக்கம் சுண்டுவிரலில் துணி சுற்றிக்கொண்டு பஸ் ஏறினால், இறங்குவதற்குள் பத்துப் பேர் விசாரித்து ஆளுக்கொரு மருந்து சொல்லிவிடுவார்கள். அந்தப் பழக்கத்தில், வந்த புதிதில் ஒரு பெண்ணிடம் "விழுந்துவிட்டாயா அம்மா?" என்று கேட்டுவைத்தேன். "இல்லை, பிறந்தநாள் பரிசு" என்று சிரித்தாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. போன கோடையில் என் மகள் சுமதியே மூக்கை அறுத்துச் சின்னதாக்கிக்கொள்ளப் போகிறேன் என்று வந்து நின்றபோதுதான் விளங்கியது.

சுமதி அப்பனைக் கொண்டு பிறந்தவள். என் கணவருக்கு நடுவில் மேடிட்டு நுனி தாழ்ந்த பெரிய மூக்கு. ஊரில் மூக்கன் என்றால்தான் அவரைத் தெரியும். எழுபதுகளின் தொடக்கத்தில் வேலைக்கென்று எங்களை இங்கே அழைத்து வந்தவர், சுமதி பள்ளியில் படிக்கும்போதே நெஞ்சு வலி என்று படுத்தார்; எழவில்லை. அஸ்தியைக் காவிரியில் கரைக்க ஊருக்குப் போனோம். அவருடைய அக்கா பாவாயி, சுமதியின் மூக்கைப் பிடித்துக்கொண்டு கதறினாள். "என்ற தம்பி எங்கீமே போகுல சாமி, இங்கதான் நிக்கறான்!"

காரியமெல்லாம் முடிந்து நாலு பேர் சிரிக்க ஆரம்பித்த பிறகு பாவாயி கேலியைத் தொடங்கினாள். "ஏ மூக்கீ, மூக்கு வந்து சேந்துருச்சு, நீ எப்ப வாரே?" வீடே சிரித்தது. எங்கள் பக்கம் அத்தைக்காரி கேலி செய்வது உரிமை. செய்யாவிட்டால்தான் ஏதோ மனத்தாங்கல் என்று பொருள். இது சுமதிக்கு எப்படித் தெரியும்? திரும்பும் விமானத்தில், "அப்பா செத்த வீட்டில் என் மூக்கைப் பார்த்து ஏம்மா எல்லாரும் சிரித்தார்கள்?" என்றாள். பாசம்டி என்றேன். அவள் நம்பவில்லை. அதற்குப் பிறகு புகைப்படம் எடுத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். வெள்ளைக்காரப் பிள்ளைகள் சொல்லாத சொல்லைச் சொந்த அத்தை சொல்லிவிட்டாளே என்று அவளுக்கு.

போன கோடையில் சுமதியோடு போய்ப் பார்த்த மூக்கு டாக்டர் நல்ல மனிதர். இத்தாலியர், ஈரானியர், சீனர், கறுப்பர் என்று எல்லா இனத்தாருக்கும் தாம் செய்த மூக்குகளைப் படத்தில் காட்டினார். எல்லாம் ஒரே தாய் பெற்ற பிள்ளைகள் மாதிரி இருந்தன. "பயப்படாதீர்கள், உங்கள் இனத்துச் சாயல் போகாது" என்றார். இனத்தை யார் கேட்டது?

"இது இவளுடைய அப்பாவின் மூக்கு" என்றேன்.

"அவரையும் அழைத்து வாருங்கள், செய்துவிடலாம்" என்றார், மிகுந்த கனிவோடு. என் கணவர் இரண்டாம் முறை செத்தது அந்த அறையில்தான்.

சுமதியின் புது மூக்கோடு இந்தத் தைப்பொங்கலுக்கு ஊருக்குப் போனோம். பாவாயி வாசலுக்கு வந்தாள். சுமதியைப் பார்த்தாள். சுவரில் மாலையோடு இருந்த தம்பியின் படத்தைப் பார்த்தாள். "வாங்க சாமி, உக்காருங்க. பிரயாணமெல்லாம் சௌகரியமுங்களா?" என்றாள். அந்த 'ங்க' எங்கள் பக்கம் எல்லாருக்கும் உண்டுதான். ஆனால் தம்பி மகளை அவள் ஒருநாளும் அப்படி அழைத்ததில்லை. அசலூர் விருந்தாளிக்குப் போல இலை போட்டாள், பதவிசாகப் பரிமாறினாள். ஒரு கேலி இல்லை.

மூன்றாம் நாள் சுமதி அடுப்படிக்குப் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அத்தை, என்னை மூக்கின்னு கூப்பிடுங்களேன்."

பாவாயி அடுப்பை விட்டுத் திரும்பவில்லை. "அது என்ற தம்பி மூக்குக்கு வெச்ச பேருங் கண்ணு. உங்களை எப்பிடி அப்பிடிக் கூப்பிடறது?"

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருக்கலாம். சுமதி கையை நீட்டி அத்தையின் மூக்கைத் தொட்டாள். அதே மேடு, அதே தாழ்ந்த நுனி. இருவரும் அழுதார்கள். நான் கதவோரம் நின்றேன்.

இங்கே திரும்பியதும் சுமதி அத்தையின் படத்தைத் தன் கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒட்டிவைத்தாள். காலையில் தலைவாரும்போது சீப்பு பாதியில் நின்றுவிடுகிறது. எதைப் பார்க்கிறாள், கண்ணாடியையா படத்தையா, தெரியவில்லை. என்ன ஆச்சு என்று நானும் கேட்பதில்லை.