மூன்று செம்புத் தண்ணீர்

சின்ன வயதில் எனக்குக் கால் ஒரு இடத்தில் நிற்காது. பள்ளிக்கூடத்தில் தெலுங்கு சார் என்னை மூலையில் நிறுத்தினால் அந்த மூலைக்குள்ளேயே நடந்துகொண்டிருப்பேன். சோற்றைத் தட்டில் வாங்கிக்கொண்டு வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்துதான் தின்பேன். "ஒக்காந்து துன்னாத்தான் ஒடம்புல ஒட்டும். இது துன்றதெல்லாம் காலுக்கே போவுது" என்று அம்மா சலித்துக்கொள்வாள். அப்பேர்ப்பட்ட நான் ஒரு ஆட்டுக்கு அசையாமல் நிற்கக் கற்றுக்கொடுத்தேன் என்று சொன்னால் கேட்பவர்களுக்குச் சிரிப்பு வரத்தான் செய்யும்.

ஆட்டின் பெயர் புஜ்ஜி. கடாவுக்கு வைக்கிற பெயரா இது என்று ஆந்திராவில் விஜயபுரத்துக்குப் பக்கத்திலிருந்த எங்கள் சின்ன ஊரே கேட்டது. தாய் செத்துப்போன குட்டியை அப்பா, எங்கள் வாய்க்கு நைனா, துண்டில் சுற்றி எடுத்துவந்து என் மடியில் போட்டபோது அது ஒரு பூனை அளவுதான் இருந்தது. பூனை அளவு இருப்பதற்குக் கம்பீரமாக என்ன பெயர் வைப்பது? புட்டியில் பால் கொடுத்து வளர்த்தது நான். வளர்ந்த பிறகும் யார் தழை நீட்டினாலும் முதலில் என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் வாயை வைக்கும். நான் பள்ளிக்கூடத்துக்குள் போனால் வெளியே புளியமரத்தடியில் படுத்துக் கிடக்கும். எங்கள் சாருக்கு என் வருகையைக் குறிக்க என்னைப் பார்க்க வேண்டிய தேவையே இருக்கவில்லை.

அந்த வருடங்களில் எங்கள் பக்கத்து ஆண்கள் ஒவ்வொருவராக ஊரைவிட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள். சிலர் மெட்ராஸ் கம்பெனிகளுக்கு, சிலர் திருப்பதி ஓட்டல்களுக்கு, துணிச்சல் உள்ளவர்கள் குவைத்துக்கு. அம்மாவின் தம்பி குவைத்தில் கார் ஓட்டிக்கொண்டிருந்தார். மாமா விடுமுறையில் வந்தால் அவருடைய சென்ட் வாசனை அவருக்கு முன்னால் வீட்டுக்குள் நுழையும். அந்த வருடம் நீண்ட விடுமுறையில் வந்திருந்த அவர்தான் நைனாவுக்கும் அங்கே ஒரு வீட்டில் தோட்ட வேலை பார்த்துவைத்திருந்தார்.

நைனாவுக்குப் போக மனம் இருந்ததா என்று வீட்டில் யாரும் கேட்டதாக நினைவில்லை. அரசாங்கம் பட்டா கொடுத்த அரை ஏக்கர் எங்களுக்கு இருந்தது. எங்கள் வம்சத்திலேயே முதல் நிலம் அது. அதில் வேர்க்கடலை போட்டிருந்தார். மாமா பேச்செடுத்தால், "கடல பூ உடட்டும், பாக்கலாம்" என்பார். பூ விட்டது. "காய் புடிக்கட்டும்" என்றார். காய் பிடித்தது. அதற்குமேல் செடிக்குச் செய்வதற்கு ஒன்றும் இல்லை.

திருப்பதி ஏஜெண்டிடமிருந்து விசா வரத் தாமதமானதும் அம்மாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை புஜ்ஜியின் கழுத்தில் மஞ்சள் துணியைக் கட்டி, விசா வந்தால் ஜாத்திரைத் திருவிழாவில் இதைப் பலி கொடுக்கிறேன் என்று கங்கையம்மனுக்கு வேண்டிக்கொண்டாள். என்னைக் கேட்கவில்லை. நைனாவையும் கேட்கவில்லை. பத்தே நாளில் விசா வந்துவிட்டது. மாமா ஊரெல்லாம் மிட்டாய் கொடுத்தார். நைனா மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு கடலைக் கொல்லைக்குப் போனவர் விளக்கு வைத்த பிறகுதான் திரும்பினார்.

எங்கள் ஊரில் நேர்ந்துவிட்ட ஆட்டை அப்படியே வெட்டிவிட மாட்டார்கள். ஆட்டின் மூலமாக அம்மன் உத்தரவு கொடுக்க வேண்டும். பூசாரி வேப்பிலை போட்ட மஞ்சள் தண்ணீரைச் செம்பில் மொண்டு அதன் முதுகிலும் தலையிலும் ஊற்றுவார். உடம்பை உதறினால் உத்தரவு கிடைத்தது என்று அர்த்தம். உதறாவிட்டால் இரண்டாவது செம்பு, பிறகு மூன்றாவது. கயிற்றை அவிழ்க்கும்வரை எப்போது உதறினாலும் அது உத்தரவுதான். மூன்றுக்கும் உதறாத ஆட்டை அவிழ்த்து வீட்டுக்கு ஓட்டிப்போக வேண்டியதுதான். அதை வெட்டவும் கூடாது, விற்கவும் கூடாது. எந்தக் காரியத்துக்காக வேண்டிக்கொண்டார்களோ அந்தக் காரியத்தையும் விட்டுவிட வேண்டும். முந்தின வருடம் எதிர்வீட்டுக்காரர்களின் கடா உதறவில்லை என்று, பேசி முடித்த கல்யாணத்தையே நிறுத்திவிட்டார்கள்.

கல்யாணம் நின்றதெல்லாம் எனக்கு முக்கியமாகப் படவில்லை. அந்தக் கடா இன்னும் எதிர்வீட்டு வாசலில் கொழுத்துப்போய் அசைபோட்டுக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துத்தான் எனக்கு யோசனை வந்தது.

ஜாத்திரைக்கு ஒன்றரை மாதம் இருந்தது. தினமும் பம்புசெட்டில் கரண்டு வரும் நேரம் பார்த்துப் புஜ்ஜியை இழுத்துக்கொண்டு போவேன். ஆட்டுக்குத் தண்ணீர் என்றாலே ஆகாது. முதல் நாள் என்னைக் கீழே தள்ளிவிட்டு ஓடிவிட்டது. நான் விடவில்லை. தண்ணீரை ஊற்றுவேன். உதறினால் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். உதறாமல் நின்றால் கடலைக்கொடி கொடுப்பேன். அது கொடிக்காகப் பழகியதா, நான் முகத்தைத் திருப்புவது பொறுக்காமல் பழகியதா என்று தெரியாது. இரண்டாவதுதான் என்று அடித்துச் சொல்வேன். ஒரு மாதத்தில், எத்தனை செம்பு ஊற்றினாலும் கண்ணை மூடிக்கொண்டு அசையாமல் நின்றது. தோல் மட்டும் நடுங்கும். பாவம், உதற வேண்டும் என்ற ஆசை உடம்பெல்லாம் ஓடும். நான் எட்டிப்போய் நின்று கையைத் தட்டி "வா புஜ்ஜி" என்றதும்தான் மூக்கிலிருந்து வால் வரைக்கும் ஒரே உதறாக உதறிவிட்டு என்னிடம் ஓடிவரும்.

"மெட்ராஸ் மாப்ள கூட இத்தினி குளி குளிக்க மாட்டான்" என்று அம்மா கிண்டல் செய்தாள். அம்மனுக்குச் சுத்தமாகக் கொடுக்கத்தான் குளிப்பாட்டுகிறேன் என்று அவளுக்கு உள்ளூர சந்தோஷம். நைனா ஒருநாள் வரப்பில் நின்று வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். மாட்டிக்கொண்டோம் என்று செம்பை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன். அவர் பக்கத்தில் வந்து, "காதுலயும் ஊத்திப் பழக்கு, பாப்பா. பூசாரி காதுலதான் ஊத்துவாரு" என்றார். அவ்வளவுதான். அடுத்த நாளிலிருந்து கரண்டு வந்ததும் அவரே மோட்டாரைப் போட்டுவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

ஜாத்திரை அன்று காலையிலிருந்தே என்னால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. கோயிலுக்கும் வீட்டுக்கும் எத்தனை முறை ஓடினேன் என்று கணக்கில்லை. எங்கள் முறை வரும்போது உச்சிவெயில். நைனா கயிற்றைப் பிடித்திருந்தார். அம்மா கைகூப்பி நின்றாள். மாமா படம் எடுக்கக் கேமராவோடு வந்திருந்தார். நான் புஜ்ஜியின் கண்ணில் படக்கூடாது என்று கூட்டத்துக்குப் பின்னால் போய் நின்றேன்.

முதல் செம்பு முதுகில் விழுந்தது. புஜ்ஜி அசையவில்லை. பம்பை மேளம் அடிப்பவர் வேகத்தைக் கூட்டினார். இரண்டாவது செம்பு தலையில். கண்ணை மூடிக்கொண்டது. மாமா கேமராவை இறக்கினார். மூன்றாவது செம்பைப் பூசாரி நிதானமாகக் காதுக்குள் ஊற்றினார். தோல் நடுங்கியது. ஆனால் உதறவில்லை. என் கால்கள் தரையில் இல்லை. பம்பை நின்றுவிட்டது. பூசாரி சிறிது நேரம் பார்த்துவிட்டுச் செம்பைக் கீழே வைத்தார்.

"அம்மனுக்கு இஷ்டம் இல்லப்பா. அவுத்துக்கினு போங்க" என்றார்.

அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். நைனா குனிந்து கயிற்று முடிச்சில் கை வைத்தார்.

இன்னும் ஒரு நிமிடம், ஒரே ஒரு நிமிடம் நான் சும்மா நின்றிருந்தால் போதும். ஒன்றரை மாதம் ஒரு வாயில்லா ஜீவன் எனக்காகப் பொறுத்துக்கொண்டு நின்றது. அதற்காக என்னால் ஒரு நிமிடம் பொறுக்க முடியவில்லை. சந்தோஷத்தில் கூட்டத்தைப் பிளந்துகொண்டு முன்னால் பாய்ந்தேன். கையைத் தட்டி, "வா புஜ்ஜி" என்று கத்தினேன்.

அது கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தது. மூக்கிலிருந்து வால் வரைக்கும் ஒரே உதறாக உதறியது. மஞ்சள் தண்ணீர் நைனாவின் முகமெல்லாம் தெறித்தது. பெண்கள் குலவையிட்டார்கள். பம்பை மறுபடி பிடித்துக்கொண்டது. அம்மா அழுதபடியே சிரித்தாள். புஜ்ஜி என் பக்கமாக இரண்டடி எடுத்து வைத்தது. கயிறு அதற்குமேல் விடவில்லை.

நான் ஓடினேன். நைனா கயிற்றைப் பூசாரியிடம் விட்டுவிட்டு என்னைப் பிடித்துத் தன் வயிற்றோடு என் முகத்தை அழுத்திக்கொண்டார். அவர் கையைக் கடித்தேன். ரத்தம் வருமளவுக்குக் கடித்தேன். அவர் விடவில்லை. எல்லாம் முடிந்த பிறகுதான் விட்டார்.

மத்தியானம் ஊரே சாப்பிட்டது. நான் சாப்பிடவில்லை. வயிறு சரியில்லை என்று நைனாவும் சாப்பிடவில்லை. எனக்கு அவர்மேல்தான் கோபம். கயிற்றைப் பிடித்தவர் அவர்தானே? என்மேல் வரவேண்டிய கோபத்தையும் சேர்த்து அவர்மேல் போட்டேன். ஐந்தாம் நாள் சத்தியவேடு வழியாக மெட்ராஸ் போகும் பஸ்ஸில் நைனா ஏறியபோது நான் பஸ் நிற்கும் இடத்துக்கே போகவில்லை. படிக்கட்டில் நின்று என்னைத் தேடினாராம். கண்டக்டர் சத்தம் போட்ட பிறகுதான் உள்ளே போனாராம்.

அவரில்லாத வீட்டில் நான் இன்னும் மோசமானேன். பள்ளிக்கூடத்திலிருந்து பாதியில் கிளம்பி வந்துவிடுவேன். குளிக்கக் கூப்பிட்டால் அடம்பிடிப்பேன். நைனாவிடமிருந்து கடிதம் வந்தால், "உன்னப் பத்திதான் எழுதிகீறாரு" என்று அம்மா சொல்வாள். நான் கேட்காதது போல எழுந்துபோய்விடுவேன்.

ஏழெட்டு மாதம் கழித்து, விடுமுறையில் வந்த யாரோ ஒருவரிடம் நைனா ஒரு கேசட் கொடுத்தனுப்பியிருந்தார். எழுத்தில் சொல்ல வராததைப் பேசி அனுப்புவது அப்போது குவைத் வீடுகளில் வழக்கம். மாமாவின் டேப் ரெக்கார்டரில் போட்டோம். எல்லாரையும் பேர் பேராக விசாரித்தார். கொல்லைக்குத் தண்ணீர் கட்டுவது யார் என்று கேட்டார். கடலை இந்தத் தடவை எத்தனை மூட்டை என்று கேட்டார். பிறகு என் பக்கம் வந்தார்.

"பாப்பா, அன்னிக்கு மூணாவது செம்பு ஊத்தியும் அது கம்முனு நின்னுக்கினு இருந்திச்சு பாரு. அப்ப எனக்கு இருந்த சந்தோசம் எனக்குத்தான் தெரியும்." அவருக்குப் பின்னால் ஏதோ வண்டி ஓடும் சத்தம் கேட்டது. "நீ கூப்ட்டதுக்கு எனக்கு ஒண்ணும் கோவம் இல்ல. நீ வேளைக்குச் சாப்புடு."

அம்மா பொத்தானை அழுத்தி நிறுத்தினாள். அடுப்பில் எதுவும் இல்லாதபோதே அடுப்பைப் பார்க்க எழுந்துபோனாள். வெகுநேரம் வரவில்லை.

நான் கேசட்டைப் பின்னால் ஓட்டி அந்த இடத்தையே திரும்பத் திரும்பக் கேட்டேன். எட்டு மாதத்தில் முதல் முறையாக எனக்கு நைனாமேல் இருந்த கோபம் போயிற்று. கயிற்றைப் பிடித்தவருக்கும் புஜ்ஜிமேல் இத்தனை பிரியம் இருந்ததே என்று அழுகை அழுகையாக வந்தது. அவர் ஆட்டைப் பற்றித்தான் பேசுகிறார் என்று நினைத்தேன்.