நடக்காத கச்சேரிக்கு ஒரு சான்று

இசைக் கல்லூரியில் எனக்கு அது கடைசி வருடம். எழுபதுகளின் நடுப்பகுதி. ஒரு நாள் மதியம் வகுப்புகளை நிறுத்திவிட்டு எல்லாரையும் கூடத்துக்கு வரச் சொன்னார்கள். படிப்பு முடிந்த பிறகு நாங்கள் எப்படிப் பிழைக்கப் போகிறோம் என்பது பற்றி ஓர் அதிகாரி பேசப் போகிறார் என்றார்கள். அந்தப் பேச்சை எங்களிடம் யாராவது எடுத்தது மூன்று வருடங்களில் அதுதான் முதல் தடவை.

அதிகாரி கரும்பலகையில் நான்கு கட்டங்கள் போட்டார். வானொலி, சபா, ஆசிரியர் வேலை, உதவித்தொகை. ஒரு கட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு அம்புக்குறி இழுத்துக்கொண்டே போனார். இளம் கலைஞர்களுக்கு இரண்டு வருடத்துக்கு மாதாமாதம் உதவித்தொகை உண்டு, வேறு கவலை இல்லாமல் சாதகம் செய்யலாம் என்றார். "பணம் இருக்கு. கேக்கத்தான் ஆள் இல்லை" என்று அவர் சொன்னபோது நான் நோட்டில் அடிக்கோடு போட்டுக்கொண்டேன்.

பிறகு விண்ணப்பத் தாள் கொடுத்தார்கள். ஸ்டென்சில் மையின் வாசனை போகாத தாள். அதில் ஆறாவது கேள்வி: கடந்த ஓராண்டில் சபாக்களில் நிகழ்த்திய கச்சேரிகள், அவற்றுக்கான அச்சிட்ட சான்று. நான் எழுந்து நின்று கேட்டேன்: "சார், கச்சேரி கிடைக்காதவங்களுக்குத்தானே இந்த உதவி வேணும்?"

"நல்ல கேள்வி" என்றார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கூட்டம் முடிந்துவிட்டது.

நான் வயலின் மாணவி. பாட்டுக்குப் பக்கவாத்தியமாக வாசிப்பதுதான் என் பயிற்சி. ஆகவே எனக்குக் கச்சேரி கிடைக்க வேண்டுமென்றால் பாடுகிறவர் யாராவது என்னைக் கூப்பிட வேண்டும். அந்த வார இறுதியிலேயே மயிலாப்பூரில் ஒரு சபாவின் காரியதரிசி வீட்டுக்குப் போனேன். ஊஞ்சலில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். என் பெயரைக் கேட்டார். சொன்னேன். பேப்பரை மடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

"ஆம் எங்கே இருக்கு? எந்தத் தெரு?"

"சாந்தோம் சார். அப்பா மாதா கோயில் பள்ளிக்கூடத்துல வாத்தியார்."

"ஓகோ" என்றார். அந்த 'ஓகோ' கொஞ்சம் நீளமாக இருந்தது. ஆனால் மரியாதையாகத்தான் பேசினார். "தனியா பக்கவாத்தியத்துக்கு நாங்க யாரையும் போடறதில்லம்மா. பாடறவா யாரைக் கேக்கறாளோ அவாதான். நீ ஒரு வித்வானைப் பிடிச்சுண்டு வா, பாக்கலாம்."

வித்வானையும் பிடித்தேன். மந்தைவெளியில் இருந்தார், நடுத்தரப் புகழ் உள்ளவர். என் ஆசிரியர் எழுதிக்கொடுத்த கடிதத்தோடு போனேன். அரைமணி நேரம் பாடினார். நான் கூடவே வாசித்தேன். பாதியில் அவர் தலை அசைவதைப் பார்த்து எனக்குள் உற்சாகம் பொங்கியது. பாட்டை முடித்துவிட்டு வெற்றிலைப் பெட்டியைத் திறந்தார்.

"வாசிப்பு நன்னா இருக்கு. நிழல் மாதிரி வரே. ஆனா பக்கத்துல ஒரு பொண்ணை உக்காத்தி வெச்சுண்டு பாடினா எனக்குச் சரிப்படாது. கவனம் அதுல போயிடும். தப்பா நினைச்சுக்காதே."

"யாருடைய கவனம் சார்?" என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. வயலின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு நடக்கும்போது அந்தக் கேள்வியை நூறு தடவை கேட்டேன்.

கல்லூரியில் வாய்ப்பாட்டுப் பிரிவில் எனக்கு ஒரு தோழி. மயிலாப்பூர்ப் பெண். குரலில் கொஞ்சம் கரகரப்பு உண்டு. அது கீழ் ஸ்தாயியில் இறங்கும்போது எனக்கு மயிர்க்கூச்செறியும். நடந்ததைச் சொன்னபோது அவள் சிரிக்கவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. "நான் பாடறேன். நீ வாசி. ரெண்டு பேர் ஃபாரத்துக்கும் ஒரே கச்சேரி ஆச்சு" என்றாள். இது ஏன் எனக்கு முதலிலேயே தோன்றவில்லை என்று என்மேலேயே எனக்குக் கோபம் வந்தது.

இரண்டு பேருமாகக் காரியதரிசியைப் பார்த்தோம். ஐப்பசியில் இளம் கலைஞர்களுக்காக ஒரு வாரம் நடத்தப் போவதாகச் சொன்னார். மதியம் ஒன்றரை மணி காலியாக இருந்தது. "ஆனா ஒண்ணு. விழா மலருக்கு விளம்பரம் கொண்டு வரணும். அஞ்சு பக்கம். பாடறவா எல்லாரும் அப்படித்தான் பண்றா."

அடுத்த மூன்று வாரங்கள் தியாகராய நகரில் கடைகடையாக ஏறி இறங்கினோம். வகுப்பு முடிந்ததும் வியர்வையோடு பஸ் பிடித்து, புடவைக் கடை, பாத்திரக் கடை, நகைக் கடை என்று நுழைந்து, முதலாளி வரும்வரை ஸ்டூலில் காத்திருப்போம். தோழிக்குக் கூச்சம், பேசுவது என் வேலை. மூன்றாவது நாளே என் பேச்சு எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. ஒரு கீர்த்தனையைக்கூட நான் அத்தனை தடவை திருப்பிச் சொன்னதில்லை.

ஒரு ஜவுளிக் கடை முதலாளியை மறக்க முடியாது. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். நெற்றியில் திருநீறு, கையில் துணி அளக்கும் கஜக்கோல். எங்களுக்கு மோர் வரவழைத்துக் கொடுத்தார்.

"பக்கம் தாரேன், அதுக்கென்ன. நான் ஒண்ணு கேக்கேன், வருத்தப்படக் கூடாது. மேடையில பாடுனா உங்களுக்கு என்ன கொடுப்பாவ?"

"இந்தக் கச்சேரிக்கு ஒண்ணும் கிடையாது சார்."

"ஒண்ணும் கெடையாதா? நீங்க பாடவும் செய்யணும், விளம்பரமும் பிடிச்சுக் குடுக்கணுமா?" கஜக்கோலை மேசைமேல் வைத்தார். "என் கடையில துணி மடிக்கிற பிள்ளைக்குக்கூடச் சம்பளம் உண்டும்மா. நல்லாப் பேசுதீய. பொம்பளையாளுக சேலைப் பகுதிக்கு ஆள் தேடிக்கிட்டுத்தான் இருக்கேன். யோசிச்சுப் பாருங்க."

அவர் கேலி செய்யவில்லை. அக்கறையோடுதான் சொன்னார். அதனால்தான் எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. கரும்பலகையில் நான்கு கட்டம் போட்ட அதிகாரி சொல்லாததை இந்த மனிதர் ஒரு டம்ளர் மோர் குடிக்கும் நேரத்தில் சொல்லிவிட்டார்.

ஐந்து பக்கமும் சேர்ந்தது. ஆறு வாரம் அவள் வீட்டு மாடியில் ஒத்திகை. முக்கிய உருப்படி தோடி. ஆலாபனையில் அவள் எங்கே மூச்சு விடுவாள், எங்கே ஒரு ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பாள் என்பதெல்லாம் என் விரல்களுக்கே தெரிந்துபோயிற்று. விழா மலர் அச்சாகி வந்தது. எங்கள் இருவர் பெயரும், நாளும் நேரமும், கீழே ஜவுளிக் கடை விளம்பரமும். அப்பா அந்தப் பக்கத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார்.

கச்சேரி அன்று பன்னிரண்டரைக்கே மண்டபத்துக்குப் போய்விட்டேன். மேடையில் ஜமக்காளம் விரித்திருந்தது. மிருதங்கக்காரர் வந்து சுருதி சேர்த்துவிட்டு உட்கார்ந்திருந்தார். ஒரு மணி ஆயிற்று. தோழியைக் காணோம். கூடத்தில் மின்விசிறிக்குக் கீழே ஏழெட்டுப் பேர் இருந்தார்கள், பாதிப்பேர் தூக்கம். ஒன்றரைக்கு வாட்ச்மேன் மேடையோரம் வந்தார்.

"இன்னாம்மா, பாட்ற அம்மா வர்லியா? கச்சேரி கீதா, இல்லியா? லைட் போடணும், சொல்லு."

"வந்துருவாங்க" என்றேன். அவர் மேடை விளக்கைப் போட்டார்.

வந்தது அவளுடைய அப்பா. பக்கவாட்டுக் கதவு வழியாக வந்து, என்னைத் தனியாகக் கூப்பிட்டார். வேட்டி நுனியைக் கையில் பிடித்துக்கொண்டே பேசினார். முந்தின நாள் சாயங்காலம் அவளைப் பெண் பார்க்க வந்திருந்தார்கள். அவர்களுக்குப் பிடித்துவிட்டது. ஆனால் பெண் மேடையேறிப் பாடுவது பிடிக்கவில்லை.

"இன்னிக்கு ஒரு நாள் பாடட்டுமேன்னு கேட்டுப் பாத்தேன். அவா ஒத்துக்கலை. நல்ல இடம். நான் என்ன பண்றது சொல்லு? நீ மன்னிச்சுக்கணும்."

என் அப்பா வயது மனிதர் என்னிடம் மன்னிப்புக் கேட்கிறார். நான் அவரிடம் கத்தவும் முடியாது. "பரவாயில்ல மாமா" என்று என் வாய் சொன்னது. மிருதங்கக்காரர் வாத்தியத்துக்கு உறை மாட்டினார். வாட்ச்மேன் விளக்கை அணைத்தார். தூங்கிக்கொண்டிருந்தவர்கள் எழுந்துகொள்ளவே இல்லை.

இரண்டு நாள் கழித்துக் காரியதரிசியிடம் போய், உங்களால் எனக்கு ஒரு கடிதமாவது தர முடியுமா என்று கேட்டேன்.

"கச்சேரி நடந்தாதானேம்மா லெட்டர்? நீயே சொல்லு." கொஞ்சம் யோசித்தார். "ஆனா மலர்ல பேர் போட்டாச்சே. அந்தப் பக்கத்தை வெச்சு அனுப்பேன். யாரு வந்து பாத்துண்டிருக்கப் போறா?"

அந்தப் பக்கத்தைக் கத்தரித்து விண்ணப்பத்தோடு குத்தும்போது அப்பா பார்த்துவிட்டார்.

"நடக்காத கச்சேரிக்குச் சான்றாம்மா?"

"நடக்காதது என் தப்பாப்பா? நான் போனேன், உக்காந்தேன், சுருதி சேர்த்தேன். என்மேல என்ன குறை? அந்த ஃபாரத்துல ஆறாவது கேள்வியை வெச்சவங்ககிட்டப் போய்க் கேளுங்க."

அப்பாவிடம் அப்படி நான் பேசியதில்லை. அவர் விடைத்தாள் கட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். நான் விண்ணப்பத்தை அனுப்பினேன்.

நேர்காணலுக்கு அழைப்பு வந்தது. ஓர் அலுவலகத்தில் மூன்று பேர் கொண்ட குழு. தரையில் பாய் போட்டிருந்தார்கள். கல்யாணி வாசிக்க ஆரம்பித்தேன். நான் வாசித்ததிலேயே நல்ல கல்யாணி அது என்று இன்றும் சொல்வேன். பியூன் காபி கொண்டுவந்து வைத்தார். ஒருவர் சர்க்கரை போதவில்லை என்றார். இன்னொருவர் என் விண்ணப்பத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார். ராகத்தின் உச்சிக்குப் போய்ச் சேர்வதற்குள் நடுவில் இருந்தவர் கையைக் காட்டினார்.

"போதும்மா. ஓ, இந்த சபாவுல வாசிச்சிருக்கியா? எத்தனை மணிக்கு?"

வில் இன்னும் என் கையில் இருந்தது. அந்த ஒரு கணம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. உண்மையைச் சொல்லியிருக்கலாம்.

"ஒன்றரை மணிக்கு சார்."

"மெயின் என்ன பாடினா?"

"தோடி சார்."

"கூட்டம்?"

"சுமாரா இருந்தது சார்."

அவர் சிரித்தார். "ஒன்றரை மணிக்குச் சுமாரான கூட்டம்னா பெரிய விஷயம்" என்று சொல்லி ஏதோ எழுதிக்கொண்டார். மற்ற இருவரும் சிரித்தார்கள். அறைக்குள் நுழைந்ததிலிருந்து அவர்கள் என்னை நிமிர்ந்து பார்த்தது அப்போதுதான்.

உதவித்தொகை எனக்குக் கிடைத்தது.

பள்ளிக்கூடத்தில் எல்லாரிடமும் அப்பா சொன்னார். அந்தப் பக்கத்தைப் பற்றி அவர் மறுபடி வாய் திறக்கவில்லை. கல்லூரியில் பாராட்டினார்கள். எனக்கு மட்டும் உள்ளே அரித்துக்கொண்டே இருந்தது. பொய் சொன்னது ஒரு பக்கம். அதைவிடப் பெரிய ஆத்திரம், என் கல்யாணியை அவர்கள் கேட்கவே இல்லை என்பது. அதைக் கேட்டுவிட்டு வேண்டாம் என்று சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

முதல் தவணை வரவே பத்து மாதத்துக்கு மேல் ஆயிற்று. அதற்குள் தோழிக்குக் கல்யாணமாகி அடையாறில் குடித்தனம் வைத்துவிட்டாள். ஒரு நாள் போய்ப் பார்த்தேன். சமையலறை வாசலில் உட்கார்ந்து அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நடந்த எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன். நேர்காணலில் கேட்ட கேள்விகள், நான் சொன்ன பதில்கள் எல்லாவற்றையும். திட்டுவாள் என்று நினைத்தேன். அவளுக்கும் ஒரு விண்ணப்பம் இருந்ததே.

கத்தியைக் கீழே வைத்தாள். பிறகு, "தோடி நன்னாப் பாடினேனாடி?" என்றாள்.

விளையாட்டாகக் கேட்கிறாளா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை.

"ரொம்ப நல்லாப் பாடினே" என்றேன். உள்ளே மாமியார் கூப்பிட்டார். அவள் எழுந்து போனாள்.

வருட முடிவில் உதவித்தொகைக்காரர்கள் ஒரு படிவம் அனுப்பினார்கள். இந்த ஆண்டு நிகழ்த்திய கச்சேரிகள், சான்றுகளுடன். அந்த வருடம் முழுவதும் என்னை யாரும் மேடைக்குக் கூப்பிடவில்லை. உதவித்தொகை வாங்குகிறவள் என்று சொன்னால் கூப்பிடுவார்கள் என்று நம்பிப் போன இடங்களில், "அப்போ உனக்கென்ன கவலை" என்றுதான் சொன்னார்கள். அந்த இடத்தைக் காலியாக விட்டு அனுப்பினேன். விவரம் முழுமையாக இல்லை, பூர்த்தி செய்து அனுப்பவும் என்று பதில் வந்தது. இரண்டாவது தடவையும் காலியாகவே அனுப்பினேன். அதன் பிறகு பணம் வரவில்லை.

ஒரு பெண்கள் பள்ளியில் பாட்டு டீச்சர் வேலைக்குச் சேர்ந்தேன். வாரத்துக்கு இருபத்தெட்டு பீரியட். காலை வழிபாட்டுப் பாட்டு, குடியரசு தினப் பாட்டு, பரிசளிப்பு விழாப் பாட்டு. சம்பளம் ஒன்றாம் தேதி சரியாக வந்தது. சாயங்காலத்தில் ஒரு நாடகக் குழுவுக்கு வயலின் வாசித்தேன். திரைக்குப் பின்னால் ஹார்மோனியக்காரருக்குப் பக்கத்தில் ஓர் இரும்பு நாற்காலி. கதாநாயகி அழும்போது அரை நிமிடம் வாசிக்க வேண்டும். முன்னால் அரங்கம் நிறைந்திருக்கும். யாரோ மூக்கைச் சிந்துவதுகூடக் கேட்கும். பக்கத்தில் யார் உட்கார்ந்து வாசிக்கிறார்கள் என்று அங்கே ஒருவரும் கவலைப்படவில்லை.