முக்தாரியாவின் இருட்டுப் பக்கம்

ஓரான் நகரத்தில் கட்டட வரைபடம் போட்டே வயது ஐம்பதாகிவிட்டது ஹவாரியாவுக்கு. அவள் இழுக்கும் கோடு இம்மியும் கோணாது. அந்தக் கைதான் ஓவிய வகுப்பில் அவள் உயிரை வாங்கியது.

வகுப்பில் சேர்ந்ததே தங்கை முக்தாரியாவுக்காக. போன குளிர்காலத்தில் முகவாதம் வந்து அவளுடைய இடது கன்னமும் கண்ணும் தொங்கிப்போயின. அதிலிருந்து கேமராவைக் கண்டாலே அறைக்குள் ஓடிவிடுவாள். கடல் கடந்து லியோனில் இருக்கும் அவள் மகள், அம்மா முகத்தைக் காட்டச் சொல்லி அழுதாள். "நான் வரைஞ்சு அனுப்புறேன்" என்று ஹவாரியா வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டாள்.

முதல் படத்தைப் பார்த்த தங்கை, "இது மூஞ்சியா, மாடிப்படியா? எத்தனையாவது மாடிக்கு ஏறணும்?" என்றாள்.

வாத்தியார் பூஸியான், மகன் வயதுக்காரன். வெள்ளைத் துண்டை விரித்து, ஒரு வெள்ளைக் கூஜாவையும் கறுப்புக் கெண்டியையும் வைத்தான்.

"கோட்டை விடுங்கக்கா. வெளிச்சம் எது, இருட்டு எதுன்னு மட்டும் பாருங்க."

"துண்டு வெள்ளை, கெண்டி கறுப்பு. இதுல பார்க்க என்ன இருக்கு?"

"வெயில் படுற கெண்டியைவிட, நிழல்ல கிடக்கிற துண்டு இருட்டா இருக்கே!"

"வெள்ளைத் துண்டு எப்படிப்பா இருட்டா இருக்கும்? எனக்கு என்ன, கண்ணு தெரியாதா?"

பூஸியான் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். வாராவாரம் இதே வழக்கு. அவள் தேய்த்த கரியெல்லாம் ஒரே சாம்பலாகப் படிந்தது. எத்தனையோ தாள்களைக் கிழித்துப் போட்டாள்.

ஒரு வெள்ளிக்கிழமை, குஸ்குஸ் சாப்பிட்டதும் தங்கையைச் சமையலறை ஜன்னலோரம் உட்கார வைத்தாள். முக்தாரியா வேண்டுமென்றே தொங்கிய பக்கத்தை ஜன்னலுக்கு எதிர்ப்புறமாகத் திருப்பிக்கொண்டாள்.

"ஆடாம இருடீ!"

"கழுத்து வலிக்குது. நீ வரையறதுக்குள்ள எனக்கு இன்னொரு வாதம் வந்துடும்."

எரிச்சலில் ஹவாரியா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் எறிந்தாள். மூக்கு, வாய், கண் எல்லாம் கரைந்தன. எதிரே இருந்தவை வெளிச்சத் திட்டு ஒன்று, இருட்டுத் திட்டு ஒன்று. தங்கையின் வெள்ளை முக்காடு, நிழல் பக்கத்தில் அசல் சாம்பலாக இருந்தது. கடங்காரன் பூஸியான் சொன்னது சரிதான்!

கண்ணாடி இல்லாமலே கரித்துண்டைப் படுக்க வைத்துத் தேய்த்தாள். பாதி முகம் அப்படியே இருட்டில் போனது. இந்த முறை அது முகமாக இருந்தது. பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இருட்டுக்குள் பார்த்தாள். முக்காட்டில் பட்டுத் திரும்பிய மங்கிய ஒளியில் தொங்கிய கண் தெரிந்தது. அதை மறைக்க அவளுக்கு மனம் வரவில்லை. ரப்பரால் கரியை மெல்ல ஒற்றி எடுத்து, அந்தக் கண்ணைத் தாளிலும் கொண்டுவந்தாள்.

முக்தாரியா தாளைப் பிடுங்கிப் பார்த்தாள். அந்தக் கண்ணுக்கு நேரே விரலை நீட்டினாள்.

"ஒளிச்சுதானே வச்சிருந்தேன். இதையும் விடலையா நீ?"

"தெரிஞ்சுது. போட்டேன்."

"இது நான்தான்," என்றாள் முக்தாரியா. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "காது ஏன் இவ்வளவு பெருசு? அதைச் சின்னதாக்கிட்டு அனுப்பு என் பொண்ணுக்கு" என்றாள்.

"உன் காதோட அளவே அதுதான்டீ!" என்று கத்தினாள் ஹவாரியா.