அக்கா திரும்பிப் பார்த்த படம்

சென்னையில் அப்பாவின் படங்களைக் காட்சிக்கு வைத்த அன்று அப்பா இருந்தார், நான் இருந்தேன், கடம்பூர் போளிப் பெட்டியோடு மாமா இருந்தார். அம்மா வரவில்லை. அக்காவும் இல்லை. நான் பிறப்பதற்கு முன்பே, ஏழு வயதில், காய்ச்சலில் போய்விட்டாள். ஆனால் சுவர் முழுக்க அவள்தான் நின்றாள்.

அக்காவுக்கு ஒரு போட்டோகூடக் கிடையாது. கல்யாணமாகாமல் இறந்த பெண்பிள்ளை அந்த வீட்டுக்குக் கன்னிதெய்வம் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். விட்டத்தில் தொங்கும் ஓலைப்பெட்டிக்குள் வருஷாவருஷம் தை மாதம் புதுப் பாவாடை சட்டை வைப்போம். நான் வளர்ந்தேன். பாவாடையின் அளவு வளரவே இல்லை.

அப்பா தீப்பெட்டி ஆபீஸில் அட்டைக்கட்டு சுமந்தவர். அறுபது வயதுக்கு மேல் இடுப்பு ஆபரேஷன் ஆகி, சும்மா இருக்க மாட்டாமல் கழிவு அட்டையில் வரைய ஆரம்பித்தார். யாரும் சொல்லித் தரவில்லை. கரிசல் காடு, பருத்தி, நடுவில் முதுகு காட்டி நிற்கும் ஒரு சிறுமி. எப்போதும் அதுதான். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் படித்தவன் நான். முதல் சம்பளத்தில் பெயிண்ட் வாங்கிக் கொடுத்தேன், படங்களைப் போனில் எடுத்து இணையத்தில் போட்டேன். அதைப் பார்த்துத்தான் சென்னையில் கேலரி நடத்தும் ஒரு அம்மாள் கூப்பிட்டார்.

அதற்குச் சில மாதம் முன்பு வரைந்த ஒரு படத்தில் மட்டும் சிறுமி திரும்பியிருந்தாள். அடுப்படியிலிருந்து வந்த அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "எம்புள்ள. அதே புருவம்." அன்றைக்கே குங்குமம் வைத்து ஓலைப்பெட்டிக்குக் கீழே மாட்டினாள். அக்காவை நான் முதன்முதலாகப் பார்த்தது அப்போதுதான். அப்பா அதன்பிறகு சாப்பிடும்போது அந்தச் சுவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார்.

அந்தப் படத்தையும் காட்டிவிட்டுக் கொண்டுவந்துவிடுவோம் என்று அம்மாவிடம் சொல்லித்தான் எடுத்துப் போயிருந்தோம்.

காட்சியில் மாமா சுற்றிச் சுற்றி வந்தார். "அத்தான், காட்டுல நின்னு வெந்தோம், ஒருத்தன் ஏன்னு கேக்கல. படத்துல இருக்க காட்டுக்கு ஏசி போட்டு வச்சிருக்கான்!"

நான் சிரித்துக்கொண்டே திரும்பினேன். அக்கா முகத்துக்குக் கீழே, விற்றாயிற்று என்பதற்கான சிவப்புப் பொட்டு ஒட்டியிருந்தது.

"விக்கிறதுக்கு இல்லன்னுதானேப்பா சொன்னீங்க?"

"கேட்டாவ. குடுத்துட்டேன்."

"அம்மாட்ட என்ன சொல்ல?"

அப்பா என்னைப் பார்க்கவில்லை. "காய்ச்சல் அன்னைக்குப் 'போவாதீங்கப்பா'ன்னா. லோடு இறக்கிட்டு வாரேன்னு கெளம்புனேன். பாயில கெடந்து திரும்பிப் பாத்தா. நான் கடைசியாப் பாத்த அந்த மூஞ்சிதாம்லே இது. என்னால இது கூட இருக்க ஏலல."

ஊருக்கு வந்ததும் அம்மா கூட்டத்தைப் பற்றிக் கேட்கவில்லை. எங்கள் கைகளைத்தான் பார்த்தாள்.

"எங்க எம்புள்ள?"

சொன்னோம்.

"ரெண்டாவது தடவையும் அவள விட்டுட்டு வந்து நிக்குதீங்க" என்றாள் அப்பாவிடம். அதோடு அவரிடம் பேச்சு நின்றது.

அப்பா மறுபடியும் வரைய உட்கார்ந்தார். ஒவ்வொரு தடவையும் முகம் வந்தது, ஆனால் வேறு முகம். அம்மா எட்டிப் பார்த்து, "இது யாரு வீட்டுப் புள்ள?" என்று என்னிடம் கேட்டுவிட்டுப் போவாள். யார் வீட்டுப் பிள்ளைகளோ எங்கள் வீட்டில் சுவரோரம் சேர்ந்துகொண்டே இருந்தார்கள். மாலையில் அந்தப் பக்கம் போக எனக்கே தயக்கமாக இருந்தது.

இதற்குள் அப்பாவின் பெயர் பத்திரிகையில் வந்தது. படங்களுக்கு ஆட்கள் காத்திருந்தார்கள். நான் கேலரிக்குப் போன் செய்து அந்த ஒரு படத்தைத் திருப்பிக் கேட்டேன்.

"தம்பி, உங்கப்பா பேரு இப்ப எங்கேயோ போயிடுச்சு" என்றார் அந்த அம்மாள். "நாப்பதாயிரத்துக்கு வாங்கினவர் அதே விலைக்கு எப்படிக் குடுப்பார்?"

மாமா தலையில் அடித்துக்கொண்டார். "நீங்க வரைஞ்சத நீங்களே வெல குடுத்து வாங்குதீங்களா அத்தான்? ஊரே சிரிக்கும்."

"சிரிக்கட்டும்" என்றார் அப்பா. என்னிடம், "கேக்கதக் குடுத்துருலே. அவ பாக்கட்டும். நான் இருந்துக்கிடுதேன்."

மற்ற படங்கள் விற்ற பணம் முழுவதும் போனது. அது போதாமல் ஓடைப்பக்கத்து நிலத்தை ஒத்திக்கு வைத்தோம். அக்காவை வீட்டுக்குக் கூட்டிவர எங்களுக்கு ஆனது இரண்டு லட்சத்துப் பத்தாயிரம் ரூபாய்.