பவ்லா நடந்த பதினோரு வளைவுகள்

யெசெனித்ஸெ ஊரில் எந்தக் கல்யாண விருந்தானாலும் சரி, மூன்றாவது கோப்பை ஒயின் உள்ளே இறங்கியதும் யாராவது ஒருவர் சிரிலைச் சீண்டிவிடுவார், அந்தப் பதின்மூன்றாம் வளைவுக் கதை என்ன என்று. அவரை இரண்டாம் முறை கேட்க வேண்டியதில்லை. வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்துவிடுவார். இரும்பாலையில் முப்பத்தெட்டு வருஷம் கடைசல் இயந்திரத்தோடு மல்லுக்கட்டியவர், பேச்சையும் அப்படித்தான் இழைத்து இழைத்துப் பளபளப்பாக்குவார். எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். பக்கத்தில் அவர் மனைவி பவ்லா, தட்டிலிருக்கும் வால்நட் ரொட்டியை முள்கரண்டியால் துண்டு துண்டாக வெட்டிக்கொண்டிருப்பார்.

கதை இதுதான். எழுபத்திநான்காம் வருஷம் ஜூலை மாதம், கல்யாணமாகி ஒன்பதாம் நாள், இருவரும் வர்ஷிச் கணவாயைத் தாண்டி த்ரெந்தா பள்ளத்தாக்குக்குக் கூடாரம் போடப் போனார்கள். வண்டி புத்தம் புது ஃபிச்சோ, தந்த நிறம். கைக்கடக்கமான சின்ன கார், எஞ்சின் பின்னால் இருக்கும். அந்த நாளில் மலையேறுகிற ஃபிச்சோ ஒவ்வொன்றும் பின்மூடியை அரைவாய் திறந்துகொண்டுதான் ஏறும். மூடி சாத்திக்கொள்ளாமல் காற்றுப் புகுவதற்காக நடுவே ஒரு விறகுக்கட்டையைச் செருகியிருப்பார்கள். ஊருக்கே தெரிந்த சங்கதி. சிரிலுக்கும் தெரியும். ஆனால் புதுப் பெண்டாட்டி, புது வண்டி, அதில் போய் விறகுக்கட்டையா என்று ஒரு வீம்பு. மெழுகு போட்டுத் துடைத்த மூடியை இறுகச் சாத்திக்கொண்டு கிளம்பினார்.

மலை உச்சிக்கு இருபத்துநான்கு கொண்டையூசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் எண் போட்ட பலகை உண்டு. பதின்மூன்றாவதில் வண்டி பெருமூச்சு விட்டு, கொதித்து, நின்றது. ஓடைத் தண்ணீரை ஊற்றி ஆற வைத்த பிறகும் இரண்டு பேரைச் சுமக்க அதற்குத் தெம்பில்லை. யாராவது ஒருவர் இறங்க வேண்டும். பவ்லாவுக்கு அப்போது வண்டி ஓட்டத் தெரியாது. "நீ மெதுவா நடந்து வா, கூடாரத்தையும் எடுத்துக்கோ, பாரம் குறையும்" என்று சொல்லிவிட்டு சிரில் கிளம்பிப் போனார். மேலே விடுதியில் இரண்டு பீர் குடித்து, மூன்றாவதை வாங்கும்போது பவ்லா கூடாரமும் முதுகுமாக வந்து சேர்ந்தார். சிரில் கேட்டாராம், "என்ன இவ்வளவு நேரம்?" இந்த இடத்தில்தான் கல்யாண மண்டபமே அதிரும்.

அதற்குப் பிறகு சிரில் ஒரு கட்டையைத் தன் கையாலேயே செதுக்கினார். ஒரு சாண் நீளம், மூடியின் உதட்டுக்குப் பொருந்த ஒரு முனையில் பள்ளம். பதினான்கு வருஷம் அது வண்டியோடு கிடந்தது. ஆனால் பவ்லா மட்டும் அந்த வண்டியில் வர்ஷிச் பக்கம் திரும்பவே இல்லை. கடலுக்குப் போகலாம் என்பார், ஏரிக்குப் போகலாம் என்பார். சண்டையெல்லாம் கிடையாது. கணவாய் என்ற பேச்சு வந்தால் எழுந்து போய் அடுப்பைப் பார்ப்பார், அவ்வளவுதான். பிறகு பெரிய வண்டி வந்தது, ஃபிச்சோ கொட்டகைக்குப் போனது, துருவும் எலியும் அதைப் பங்கு போட்டுக்கொண்டன.

சிரிலுக்கு ஓய்வு வந்ததும் கை சும்மா இருக்க மறுத்தது. கொட்டகையிலிருந்து வண்டியை இழுத்து வந்து, அடுக்குமாடிக் கட்டிடத்தின் பின்னால் வரிசையாக இருக்கும் கராஜ்களில் தம்முடையதில் நிறுத்தினார். நான்கு குளிர்காலம் அங்கேயே குடியிருந்தார் என்று சொல்லலாம். அடித்தகடு முழுக்கச் சல்லடை. வெட்டி எறிந்துவிட்டுப் புதுத் தகட்டைப் பற்றவைத்தார். கடையில் கிடைக்காத புஷ் வளையங்களைத் தாமே கடைந்தார். இளைய வயதில் நெம்பித் திறந்த ஒரு திருகாணியின் தலையில் தன் பழைய ஸ்பானர் வழுக்கிய தழும்பைப் பார்த்தபோது, இருபத்துநான்கு வயதுச் சிரில் எதிரே வந்து நின்ற மாதிரி இருந்தது. அன்று வேலையை நிறுத்திவிட்டு வெறுமனே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.

பக்கத்துக் கராஜ்காரர் ஸ்தானே பழைய வண்டிச் சங்கத்தின் சோதனையாளர். வண்டி ஆலையைவிட்டு வந்த நாளில் எப்படி இருந்ததோ அப்படியே இருந்தால் சங்கம் ஒரு பித்தளை வில்லை கொடுக்கும். ஸ்தானே கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிற ஆள். முன்பெட்டியிலிருந்து அந்தக் கட்டையை எடுத்து, இது எந்தப் புத்தகத்தில் இருக்கிறது என்று கேட்டார். சிரில் கூச்சத்தோடு அதை வாங்கி, அடுப்பெரிக்கும் சுள்ளிப்பெட்டியில் போட்டுவிட்டார். மறுவாரம் வில்லை வந்தது. அதை முன்கண்ணாடிக்குக் கீழே பொருத்திவிட்டு, தினம் இரண்டு முறை துடைத்தார்.

ஆனால் வில்லைக்காகவா இத்தனை பாடு? அவருக்கு ஒரே ஒரு ஆசை. பக்கத்து இருக்கையில் பவ்லா உட்கார வேண்டும். அதே கணவாய், அதே த்ரெந்தா, அதே கூடாரம். அறுபத்தொன்பது வயதில் இன்னும் எத்தனை கோடைக்காலம் மிச்சம் என்று யாருக்குத் தெரியும்? ஒரு நாள் சாப்பாட்டு மேஜையில் கேட்டே விட்டார்.

பவ்லா வழக்கம்போல அடுப்பைப் பார்க்கப் போகவில்லை.

"சரி, வரேன். வழியில எங்கயும் நிக்காம உச்சிக்கு நீ கொண்டுபோயிட்டீன்னா, அதுக்கப்புறம் இந்த வண்டியில நீ எங்க கூப்பிட்டாலும் வரேன். நடுவுல நின்னுச்சோ, வண்டிய வித்துடணும். கராஜ் எனக்கு. என் தையல் மிஷின் நாலு வருஷமா படுக்கை ரூம்ல கிடக்குது."

"நிக்காது" என்றார் சிரில்.

"போன தடவையும் அதான் சொன்ன."

கூடாரம் பவ்லாவின் பொறுப்பு. அதில் சிரில் வாய் திறக்க முடியாது. கூடாரமும் முதுகுப்பையும் தைக்கும் ஆலையில் பவ்லா இருபத்தாறு வருஷம் வேலை பார்த்தவர். அங்கே மழை அறை என்று ஒன்று உண்டு. புதுக் கூடாரத்தை உள்ளே விரித்து, மேலே குழாய்களைத் திறந்துவிட்டு, ஒரு ஆளைக் கூடாரத்துக்குள் உட்கார வைப்பார்கள். எங்கே ஒழுகுகிறது என்று அந்த ஆள் சொல்ல வேண்டும். சம்பளம் வாங்கிக்கொண்டு மழையில் உட்காரும் வேலை என்று சிரில் கேலி செய்வார். அந்த ஆள் பவ்லாதான். எழுபத்திநான்கில் கொண்டுபோன கூடாரம், கல்யாணத்துக்கு முன் மிச்சத் துணியில் அவரே தைத்தது.

அதைக் கட்டிடத்துக்குப் பின்னால் புல்லில் விரித்து, சிரிலிடம் தோட்டக் குழாயைக் கொடுத்துவிட்டு, காபியும் செய்தித்தாளுமாக உள்ளே போய் உட்கார்ந்துகொண்டார். ஒரு மணி நேரம் சிரில் தண்ணீர் பீய்ச்சினார். மாடி ஜன்னல்களிலிருந்து எட்டிப் பார்த்தவர்கள், கிழவர் பெண்டாட்டியைக் குளிப்பாட்டி விடுகிறார் என்று சிரித்தார்கள். நடுவில் சிரில் உள்ளே தலையை நீட்டினார், தோள் துணியில் இடித்தது, இடித்த இடத்தில் சொட்ட ஆரம்பித்துவிட்டது. பழைய பருத்தித் துணி அப்படித்தான். நனைந்திருக்கும்போது உள்ளிருந்து தொட்டால் தொட்ட இடம் ஒழுகும். பவ்லா அந்தச் சொட்டில் விரலை வைத்து, துணியோடு ஒட்டிக் கீழ்விளிம்பு வரை இழுத்துவிட்டார். சொட்டு நின்று, தண்ணீர் விரல் போன வழியே இறங்கிவிட்டது.

"தொடாம இருக்கத் தெரியணும். தொட்டுட்டா, கடைசி வரைக்கும் இழுத்துவிடத் தெரியணும்" என்றார். செய்தித்தாள் காய்ந்தே இருந்தது.

ஜூலை மாதம் ஒரு வியாழக்கிழமை காலை கிளம்பினார்கள். ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்த இறைச்சி, வெள்ளரிக்காய், ஃப்ளாஸ்கில் காபி, பின்னிருக்கையில் கூடாரம். மலையடிவாரத்தில் சிரில் இறங்கி, தண்ணீர், ஆயில், டயர் எல்லாம் பார்த்தார். பின்மூடியை இறுகச் சாத்தி, கைக்குட்டையால் ஒரு துடை துடைத்தார்.

"எல்லாம் சரியா இருக்கா? எதையும் மறக்கலியே?" என்று கேட்டார் பவ்லா, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு.

"வில்லை வாங்கின வண்டி. என்னத்த மறக்கிறது?"

ஏழாம் வளைவு வரை சிரில் விசிலடித்தார். ஒன்பதாவதில் விசில் நின்றது. பதினொன்றில் வெப்பம் காட்டும் முள் ஏறத் தொடங்கியது. அவர் தொண்ணூற்றாறு கிலோ, கல்யாணத்தின்போது அறுபத்தெட்டு. பழையபடி வேதாளம் முருங்கைமரம் ஏறிவிட்டது. கல் பாவிய பதின்மூன்றாம் வளைவில், எண் பலகைக்கு நேர் கீழே, வண்டி புஸ்ஸென்று ஆவி விட்டு நின்றது.

சிரில் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அப்படியே இருந்தார். நான்கு குளிர்காலம் கண்முன்னே ஆவியாகப் போய்க்கொண்டிருந்தது. பெண்டாட்டி சிரிப்பாள் என்று காத்திருந்தார். பவ்லா சிரிக்கவில்லை. கைப்பையைத் திறந்து, பள்ளம் செதுக்கிய அந்தக் கட்டையை எடுத்து அவர் மடியில் வைத்தார்.

"சுள்ளிப்பெட்டியில கிடந்துச்சு" என்றார்.

"கீழயே சொல்லியிருக்கக் கூடாதா?"

"கீழதான் கேட்டேன், எதையாவது மறந்துட்டியானு."

ஓடையிலிருந்து தண்ணீர் கொண்டுவந்து, எஞ்சின் ஆறும்வரை பொரித்த இறைச்சியைச் சாப்பிட்டார்கள். பிறகு தண்ணீர் ஊற்றி, மூடிக்குக் கட்டையைச் செருகினார் சிரில். இன்னமும் அச்சாகப் பொருந்தியது. வண்டி உறுமியது, ஆனால் இருவரையும் ஏற்றிக்கொண்டு அந்தச் சரிவில் நகர மறுத்தது. ஒருவர் இறங்க வேண்டும். பவ்லா இப்போது முப்பது வருஷமாக வண்டி ஓட்டுகிறவர்.

சிரில் கதவைத் திறந்து இறங்கினார். "நீ ஓட்டு. நான் நடந்து வரேன்."

பவ்லா ஓட்டுநர் இருக்கைக்கு நகர்ந்து, கண்ணாடியைச் சரி செய்துகொண்டார். "கூடாரத்தையும் எடுத்துக்கோ. பாரம் குறையும்."

ஃபிச்சோ பின்மூடியைத் திறந்த வாயாகக் காட்டிக்கொண்டு வளைவில் திரும்பி மறைந்தது. சிரில் கூடாரப் பொதியை முதுகில் மாட்டினார். அப்போதுதான் அதன் எடையை முதல்முறையாக உணர்ந்தார். துணியும் இரும்புக் கம்புகளும் முளைகளுமாகப் பதினான்கு கிலோவாவது இருக்கும். பதினைந்தாம் வளைவில் மூச்சு வாங்கியது. பதினேழில் தோள்பட்டை அறுத்தது. அன்றைக்கு அவள் காலில் என்ன இருந்தது என்று யோசித்துப் பார்த்தார். கல்யாணத்துக்கு வாங்கின வெள்ளைச் செருப்பு. ஐம்பது கல்யாணத்திலாவது இந்தக் கதையைச் சொல்லியிருப்பார், செருப்பைப் பற்றி ஒரு முறைகூட நினைத்ததில்லை. தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். பெண்டாட்டியின் முதுகும் தெரியாமல் போய்விட்டதே என்று வெட்கமாக இருந்தது. இருபதாம் வளைவில் ஒரு தட்டைக் கல் கிடந்தது. அதில் உட்கார்ந்து கொஞ்சம் அழுதார். மலையில் யாரும் இல்லை, அதனால் பரவாயில்லை.

அவர் உச்சிக்குப் போய்ச் சேர்ந்தபோது பவ்லா விடுதி பெஞ்சில், ஒரு காலிக் கோப்பையும் நுரை ததும்பும் ஒரு பீரும் முன்னே இருக்க உட்கார்ந்திருந்தார். மேற்கே மேகம் கருத்துக்கொண்டு வந்தது.

"என்ன இவ்வளவு நேரம்?" என்றார் பவ்லா.

சிரிலால் சிரிக்க முடியவில்லை. பந்தயத்தில் தோற்றாயிற்று, ஊருக்குப் போனதும் வண்டிக்கு ஆள் பார்க்கிறேன் என்று சொன்னார். பவ்லா அவர் முகத்தைப் பார்த்தார், பிறகு இரண்டாவது பீரை அவர் பக்கம் தள்ளினார். வண்டி இருக்கட்டும், ஆனால் இனிமேல் மலையில் ஓட்டப்போவது தான்தான் என்றார்.

மறுபக்கம் இறங்கி, சோச்சா ஆற்றங்கரையில் கூடாரம் அடித்து முடிப்பதற்கும் மழை பிடிப்பதற்கும் சரியாக இருந்தது. உள்ளே இருவரும் முட்டியை மடக்கி உட்கார்ந்தார்கள். துணிமேல் மழை படபடவென்று கொட்டியது.

"இருபதாம் வளைவுல ஒரு கல்லு கிடக்குது. அங்க கொஞ்ச நேரம் உக்காந்தேன்" என்றார் சிரில்.

"தெரியும். தட்டைக் கல்லு. நானும் அங்கதான் உக்காந்தேன்." பவ்லா ஃப்ளாஸ்க் மூடியைத் திருகித் திறந்தார். "கீழ போற பஸ் ஒண்ணு வந்து நின்னுச்சு. டிரைவர் கேட்டார், ஏறிக்கிறியாம்மானு. கால் ரெண்டும் ரத்தம். எங்கம்மா வீட்டுக்கே போயிடலாம்னு எந்திரிச்சுட்டேன். ஒரு கால் படியில வச்சுட்டேன்."

நாற்பத்தைந்து வருஷத்தில் சிரில் கேட்காத கதை இது.

"அப்புறம் ஏன் ஏறல?"

"மேகம் கருத்துக்கிட்டு வந்துச்சு. கூடாரம் என் முதுகுல இருந்துச்சு" என்றார் பவ்லா. "நீ நனைஞ்சிருப்ப."

சிரில் முகத்தைத் திருப்பிக்கொள்ளப் போய், தோளால் துணியை இடித்துவிட்டார். சொட்ட ஆரம்பித்தது. பவ்லா கையை நீட்டுவதற்குள் சிரிலே அந்த ஈரத்தில் விரலை வைத்து, மெதுவாக, கீழ்விளிம்பு வரைக்கும் இழுத்துவிட்டார்.